ஜேதவனத்தில் இருவர்

தோன்றியவை எல்லாம் மாறும், சேர்ந்தவை எல்லாம் பிரியும் என்பதை முதற்பாடமாக வைத்திருக்கும் ஒரு சமயம், தன் வழி நடப்பவர்களைப் பாழ்பட்ட இடங்களுக்கு யாத்திரை போகச் சொல்வது ஏன் என்ற ஐயம் பௌத்தத்தைக் கற்பவருக்கு எழாமல் இராது. மணிமேகலைக் காப்பியம் 'அநித்தம்' என்று குறிக்கும் நிலையாமைக் கொள்கையை உளமார ஏற்ற ஒருவர், இடிந்து கிடக்கும் விகாரத்தைக் கண்டு கலங்கினால், அவர் பாடத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். கலங்காமல் கடந்துபோவாராயின், அத்தனை காதம் நடந்து அவர் அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை. இந்த முடிச்சு மிகத் தெளிவாகப் புலப்படும் இடங்களில் ஒன்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாகியான் என்ற சீனத் துறவியும் அவருடைய தோழர் தாவோஜெங்கும் கோசல நாட்டுச் சிராவஸ்தி நகருக்கு வெளியே இருந்த ஜேதவனத்தை அடைந்த நிகழ்ச்சி. அதைப் பாகியானே தம் பயண நூலில் சில வரிகளில் எழுதிவைத்திருக்கிறார்.

பாகியான் சாங்கானிலிருந்து புறப்பட்டது 399ஆம் ஆண்டில். அப்போது அவர் 60 வயதைக் கடந்தவர். சீனத்தில் அக்காலத்தில் பௌத்த சூத்திரங்கள் நிறையவே மொழிபெயர்க்கப்பட்டிருந்தபோதிலும், விநயம் எனப்படும் சங்க ஒழுங்கு நூல்கள், அதாவது ஒரு துறவி எதை எப்போது உண்ணலாம், எப்படி உடுத்தலாம், தவறினால் யார் முன்னிலையில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பன வரை வகுத்துரைக்கும் நூல்கள், அரைகுறையாகவே கிடைத்தன என்பதால், அவற்றை அவை பிறந்த மண்ணிலேயே தேடிக் கொண்டுவரும் நோக்கத்துடன் நான்கு துறவிகளைத் துணை சேர்த்துக்கொண்டு அவர் மேற்கே நடந்தார். துன்ஹுவாங்கைத் தாண்டிய பிறகு 17 நாள் மணற்காட்டில் வழி காட்டியவை செத்தவர்களின் எலும்புகளே என்பது அவருடைய குறிப்பு. இடையில் வேறு சிலர் வந்து சேர்ந்தனர், சிலர் திரும்பிப் போயினர். சிறு பனிமலை என்று அவர் குறிப்பிடும் மலையை ஏறியபோது எஞ்சியிருந்தவர் மூவர்; அவர்களில் ஹுவெய்ஜிங் என்பவர் குளிர்காற்றில் வாயில் நுரை தள்ளி விழுந்து, தம்மை விட்டுவிட்டு மற்ற இருவரும் விரைந்து போய்விட வேண்டும், எல்லாரும் சேர்ந்து சாகக் கூடாது என்று சொல்லி உயிர்விட்டார். பாகியான் அந்த உடலைத் தடவிக்கொண்டு அழுதார். பிறகு இருவராக மலையைக் கடந்தனர்.

ஜேதவனம் என்பது அனாதபிண்டிகர் என்ற வணிகர், ஜேத இளவரசனின் தோப்பைத் தரை மறையப் பொற்காசு பரப்பி விலைக்கு வாங்கிப் புத்தருக்கும் சங்கத்துக்கும் அளித்ததாகப் பௌத்த மரபு கூறும் இடம். புத்தர் சிராவஸ்தியில் கழித்த மழைக்காலங்கள் 25 என்றும், அவற்றில் 19 ஜேதவனத்திலும் 6 அருகிலிருந்த பூர்வாராமத்திலும் கழிந்தன என்றும் பாலி மரபு கணக்கு வைத்திருக்கிறது. பாகியான் 25 ஆண்டுகளையும் ஜேதவனத்துக்கே கொடுத்துவிடுகிறார். அவர் சென்ற காலத்தில் அந்தப் பழைய தலைநகரில் 200க்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களே இருந்தன. விகாரம் முற்றிலும் கைவிடப்பட்டிருக்கவில்லை, துறவிகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். ஆனால் முன்பு ஏழு நிலைகளாக இருந்ததாகச் சொல்லப்பட்ட கட்டடம், எரிந்துகொண்டிருந்த விளக்குத் திரியை ஓர் எலி வாயில் கவ்விக்கொண்டு ஓட, தொங்கிய கொடிச்சீலைகளில் தீப்பற்றி ஏழு நிலையும் எரிந்துபோன பின்னர், இரண்டு நிலைகளாக மீண்டும் எழுப்பப்பட்டிருந்தது. பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளைப் பற்றிப் பேசப் பழகிய வரலாற்றாசிரியர்கள் இந்த எலியைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நிலையாமையைப் பற்றி யோசிப்பவர்கள் பொருட்படுத்துவது நல்லது.

அந்த விகாரத்தின் முன் இருவரும் முதன்முதலாக நின்றபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்தவற்றைப் பாகியான் வரிசையாகச் சொல்கிறார்: புத்தர் இங்கே வாழ்ந்த ஆண்டுகள், தாம் விளிம்பு நாட்டில் பிறந்துவிட்ட குறை, கூடப் புறப்பட்டவர்களில் திரும்பிப் போனவர்கள், மாண்டுபோனவர்கள். மாண்டவர்களைக் குறிக்கச் சீன மூலத்தில் அவர் கையாளும் சொல் 'நிலையாமை' என்பதே. பௌத்தச் சீன வழக்கில் அது சாவுக்கு ஓர் இடக்கரடக்கல், அதாவது நேரே சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் சொல்லும் முறை. எனினும், பாடம் கேட்கும் மண்டபத்தில் கோட்பாடாக இருந்த சொல், பனிமலையில் விட்டுவந்த தோழனின் பெயருக்குப் பதிலாக இங்கே வந்து நிற்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் இறுதியில் கண்டது என்ன என்பதற்கு அவர் தரும் விடையும் அதே அளவு சுருக்கமானது. புத்தர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைக் கண்டு இருவரும் மனம் நொந்தனர்.

இந்த வெறுமை, கட்டடம் எரிந்ததால் வந்ததென்று கொள்வது எளிது. ஆனால் ஜேதவனத்தைப் பற்றிய பழைய கதைகளைப் பார்த்தால், அங்கே வெறுமை தொடக்கத்திலிருந்தே குடியிருந்தது தெரியவரும். கலிங்கபோதி ஜாதகத்தின் முன்னுரைக் கதை புத்தர் உயிரோடிருந்த காலத்ததாகச் சொல்லப்படுவது. அவர் ஊர் ஊராகச் சென்றிருந்த வேளையில், மாலையும் மணப்பொருளும் ஏந்தி வந்த நகரத்து மக்கள், வணங்குவதற்கு ஆளில்லாமல், கந்தகுடி எனப்பட்ட அவருடைய தங்கும் அறையின் வாசலிலேயே பூக்களை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். இதற்கு ஒரு வழி காணுமாறு அனாதபிண்டிகர் புத்தரின் அணுக்கத் தொண்டரான ஆனந்தரிடம் கேட்க, ஆனந்தர் புத்தரிடம் கேட்டார். அப்போது புத்தர் சைத்தியம், அதாவது வணங்கத்தக்க நினைவுப்பொருள், மூவகைப்படும் என்று விளக்கியதாகக் கதை செல்கிறது. எலும்பு முதலிய உடலெச்சம் சாரீரிகம்; அவர் பயன்படுத்திய பொருளும் இடமும் பாரிபோகிகம்; அவரை நினைந்து செய்துகொள்ளும் உருவம் முதலியன உத்தேசிகம். முதலாவது அவர் இருக்கும்வரை கிடைக்காது. மூன்றாவதற்கு மனத்தின் நினைப்பைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லை. ஆகையால் எந்த மரத்தடியில் ஞானம் பெற்றாரோ அந்த அரசமரமே, அவர் இருந்தாலும் மறைந்தாலும், வணங்குதற்கு உரியது என்று முடிவாகி, அதன் விதையொன்று ஜேதவனத்து வாசலில் ஊன்றப்பட்டது. அவர் வீட்டில் இல்லாத நாட்களுக்காக முளைத்த மரம் அது.

பாகியான் அங்கே கேட்டு எழுதிய சந்தனச்சிலைக் கதையும் இதே சாயலுடையது. புத்தர் தம் தாய்க்கு அறம் உரைப்பதற்காக முப்பத்து மூவர் உலகத்துக்குப் போய் 90 நாள் தங்கியிருந்தபோது, அவரைக் காணாமல் ஏங்கிய பிரசேனஜித் மன்னன் சந்தனக் கட்டையில் ஓர் உருவம் செதுக்கி அவருடைய இருக்கையில் வைத்தான் என்றும், அவர் திரும்பி வந்தபோது அந்தச் சிலை எழுந்து எதிர்கொண்டது என்றும், இருக்கைக்கே திரும்புமாறு அவர் அதைப் பணித்தார் என்றும் அந்தக் கதை சொல்கிறது. விகாரம் எரிந்தபோது அந்தச் சிலையும் போயிற்றென்று அரசர்களும் மக்களும் வருந்தியிருக்க, நான்கைந்து நாள் கழித்துக் கிழக்குப் பக்கத்துச் சிறு விகாரத்தின் கதவைத் திறந்தவர்கள் அது அங்கே பழுதின்றி இருக்கக் கண்டார்களாம். இந்தக் கதையின் வரலாற்று மதிப்பு மிகக் குறைவு. ஆனால் பயணத்தால் நேர்ந்த இன்மைக்கு மரமும், வானுலகம் சென்றதால் நேர்ந்த இன்மைக்குச் சிலையும் விடையாக வந்த ஓரிடத்தில், மறைவால் நேர்ந்த இன்மைக்கு எது விடை என்ற கேள்வி இயல்பாகவே எழுந்து நிற்கிறது.

அந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் ஆனந்தரே. காஞ்சிபுரத்திலும் சிலகாலம் தங்கியிருந்தவரும், பாகியானுக்குச் சற்றுப் பின் அனுராதபுரத்தில் உரைகள் எழுதியவருமான புத்தகோசர், தீகநிகாய உரையின் முகப்பில் அந்தக் காட்சியைத் தருகிறார். புத்தர் குசிநகரத்தில் மறைந்தபின் ஆனந்தர் ஜேதவனத்துக்கு வந்து கந்தகுடியின் கதவைத் திறக்கிறார், கட்டிலையும் பீடத்தையும் வெளியே எடுத்துத் தூசி தட்டுகிறார், அறையைப் பெருக்குகிறார், வாடிக் கிடந்த மாலைகளை அள்ளி வெளியே போடுகிறார், கட்டிலையும் பீடத்தையும் முன்பிருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறார். ஆசிரியர் உயிரோடிருந்தபோது நாள்தோறும் செய்த பணிவிடை ஒன்றையும் விடாமல் செய்துகொண்டு, இது நீராடும் நேரம், இது அறமுரைக்கும் நேரம் என்று சொல்லிச் சொல்லி அவர் புலம்பினார் என்றும், அவருடைய நிலை கண்டு ஒரு தேவதை அவருக்குச் சம்வேகம் ஊட்டியது என்றும் உரை கூறுகிறது.

சம்வேகம் என்ற பாலிச் சொல்லுக்கு அச்சம், நடுக்கம், துயரம் என்று எதைச் சொன்னாலும் பொருள் முழுவதும் அடங்குவதில்லை. உலகம் இப்படிப்பட்டது என்று திடீரென உறைக்கும்போது உள்ளத்தில் உண்டாகும் அதிர்வும், அந்த அதிர்வு சும்மா இருக்க விடாமல் ஒருவரை எழுப்பி நடக்க வைக்கும் முடுக்கமும் சேர்ந்ததே சம்வேகம். மகாபரிநிர்வாண சூத்திரத்தில், புத்தர் பிறந்த இடம், ஞானம் பெற்ற இடம், முதல் அறவுரை நிகழ்த்திய இடம், மறைந்த இடம் என்ற நான்கும் பக்தியுள்ளவர் சென்று காணவும் சம்வேகம் அடையவும் உரியவை என்று ஆனந்தரிடம் சொல்லப்படுகிறது. ஆறுதலுக்கோ வேண்டுதலுக்கோ போகச் சொல்லவில்லை என்பது இங்கே முக்கியம். இதைக் கொண்டு முதலில் கூறிய முடிச்சை ஓரளவு அவிழ்க்கலாம்: நிலையாமையை அறிந்தவர் கலங்கக் கூடாது என்பது இந்தச் சமயத்தின் நிலைப்பாடன்று, அறிந்தது உறைப்பதற்காகவே அங்கே போக வேண்டும் என்பதுதான் நிலைப்பாடு. உறைத்த பின் அழுதுகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடலாகாது. ஆனந்தருக்குத் தேவதை நினைவூட்டியதும் அதைத்தான்.

ஆளில்லாத இருக்கைக்கு இப்படி ஓர் ஆற்றல் உண்டு என்ற கருத்தைத் தமிழ்ப் பௌத்தமும் அறிந்திருந்தது. மணிமேகலையில், தெய்வத்தால் தூக்கிச் செல்லப்பட்டு மணிபல்லவத் தீவில் தனியே கண்விழிக்கும் மணிமேகலை, புத்தர் இல்லாத அவருடைய பீடிகையைக் கண்டு தொழுத அளவிலேயே தன் முற்பிறப்பை உணர்கிறாள். உவவனத்துக்கு உடன் வந்த தோழி சுதமதி அப்போது புகார் நகரத்திலேயே இருக்கிறாள். காப்பியப் புலவர் தோழியை வேண்டுமென்றே பிரித்துவைத்துவிட்டுத்தான் பீடிகையைக் காட்டுகிறார் என்று படுகிறது. முற்பிறப்பு என்பது அவரவருக்கு உரியது. அதை அறிய மற்றொருவர் துணை தேவையில்லை.

ஜேதவனத்தில் நின்றவர்களோ இருவர். பௌத்தத்தில் கல்யாணமித்திரர் என்ற சொல் நல்வழிக்குத் துணையாகும் நண்பரைக் குறிக்கும். நல்ல நட்பு துறவு வாழ்க்கையில் பாதி என்று ஆனந்தர் சொல்ல, பாதியன்று, முழுமையும் அதுவே என்று புத்தர் திருத்தியதாகச் சம்யுத்த நிகாயத்தில் ஒரு சிறு சூத்திரம் உண்டு. இந்தத் திருத்தத்தைப் பெரும்பாலோர் நட்பைப் புகழும் உரையாக மட்டும் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் ஜேதவனத்து இருவருக்கும் பின்னால் நேர்ந்தது ஒரு தோல்வியாகவே தோன்றும். ஏனெனில் பாழிடத்தை இருவர் சேர்ந்து காணும்போது துயரம் பாதியாவதில்லை. தம் துயரம் வேறு, பக்கத்தில் நிற்பவரின் துயரம் வேறு என்பது அங்கேதான் முதன்முறையாகப் புலனாகிறது. ஜேதவனத்துத் துறவிகள் வெளியே வந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவி, ஹான் நாட்டிலிருந்து, அதாவது சீனத்திலிருந்து, என்று கேட்டதும், அந்த நாட்டிலிருந்து இங்கே எவரும் வந்ததாகத் தங்கள் ஆசான்கள் வழிவழியாகச் சொல்லக் கேட்டதில்லையே என்று வியந்தனர். அந்த வியப்பு இருவரில் ஒருவருக்குத் தம் நாட்டின் குறையை நினைவூட்டியிருக்கும். மற்றவருக்குத் தம் நாட்டின் தேவையை நினைவூட்டியிருக்கும்.

இது வெறும் ஊகமன்று என்பதைப் பாடலிபுத்திரம் காட்டுகிறது. கபிலவஸ்துவையும் கண்டுவிட்டு, அரசனோ குடிகளோ இல்லாமல் சில துறவிகளும் சில பத்துக் குடும்பங்களுமே எஞ்சிய அந்தக் காட்டில் யானைக்கும் சிங்கத்துக்கும் அஞ்ச வேண்டும் என்று குறித்துவைத்த பிறகு, அவர்கள் கிழக்கே சென்று பாடலிபுத்திரத்தை அடைந்தனர். பாகியான் அங்கே மூன்று ஆண்டு தங்கிச் சமஸ்கிருதம் கற்று, தேடிவந்த விநய நூலை மகாசாங்கிகப் பிரிவினர் போற்றிய வடிவில் படியெடுத்தார். தாவோஜெங்குக்கு எழுத்தைவிட மனிதர்கள் முக்கியமாகப் பட்டனர். அங்கிருந்த துறவிகளின் நடையுடை ஒழுங்கைக் கண்டு, சீனத்துச் சங்கத்தின் விநயம் எவ்வளவு குறைபட்டது என்று வருந்தி, இனிப் புத்தநிலை அடையும்வரை எப்பிறவியிலும் விளிம்பு நாட்டில் பிறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டார். தம் நாட்டையே உலகின் நடுநாடு என்று அழைத்துப் பழகிய மக்களில் ஒருவர், அந்தப் பெயரைக் கங்கைச் சமவெளிக்குக் கொடுத்துவிட்டுத் தம் நாட்டை விளிம்பாகக் கண்டார் என்பது சிறிய செய்தியன்று. பாகியானும் அதே பெயரிடலைத்தான் பின்பற்றுகிறார். ஆனால் விநயத்தை ஹான் நாட்டில் பரப்ப வேண்டும் என்பதே தொடக்கத்து எண்ணம் என்பதால், அவர் மட்டும் தனியே திரும்பினார்.

இருவரில் எவர் சரி என்று பௌத்த மரபு தீர்ப்புச் சொன்னதில்லை. கற்றோர் பலர், நூல் கொண்டுவந்தவர் என்பதால், பாகியான் பக்கம் சாய்கிறார்கள். அது நூலகம் உள்ளவர்களின் சாய்வு. விநயம் என்பது படித்து வைத்துக்கொள்ளும் நூலன்று, பலர் கூடி வாழ்ந்து காட்டும் ஒழுங்கு என்ற அளவில், தேடிவந்த பொருளின் அருகிலேயே தங்கிவிட்டவர் தாவோஜெங்தான். ஜேதவனத்து வெறுமைக்கு அவர் கண்ட விடை வாழும் சங்கம். பாகியான் கண்ட விடை சுமந்து செல்லத்தக்க நூல். இரண்டுமே அந்தப் பழைய கதைகளின் வழியில் வந்தவை என்பதை மறுக்க முடியாது. ஒருவர் மரத்தின் அடியிலேயே இருந்துவிட்டார், மற்றவர் விதையை எடுத்துச் சென்றார். நட்பே துறவு வாழ்க்கையின் முழுமை என்ற புத்தரின் திருத்தத்தையும் இந்தப் பிரிவோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் தம் வழிக்கு இழுக்காமல் விட்டதும் அந்த நட்பில் சேர்ந்ததே என்று கொள்வது பொருந்தும். தங்கும்படி தாவோஜெங் கெஞ்சியதாகவோ, வரும்படி பாகியான் வற்புறுத்தியதாகவோ நூலில் ஒரு சொல்கூட இல்லை.

ஆனால் அதற்கு விலை இருந்தது. தாமிரலிப்தியில் இரண்டு ஆண்டு கழித்துக் கப்பலேறி 14 நாளில் இலங்கையை அடைந்த பாகியான், அனுராதபுரத்து அபயகிரி விகாரத்தில் ஒருநாள், பச்சைக்கல்லாலான பெரிய புத்தர் உருவத்தின் முன், யாரோ ஒரு வணிகர் காணிக்கையாக வைத்துச் சென்ற சீனத்து வெண்பட்டு விசிறியைக் கண்டார். ஆண்டுக்கணக்காகப் பிறநாட்டாரோடு மட்டுமே பழகி, கண்ணில் படும் மலையும் ஆறும் புல்லும் மரமும் எதுவும் பழகியதாக இல்லாமல், கூட வந்தவர்களில் சிலர் இறந்து சிலர் தங்கிவிட, திரும்பிப் பார்த்தால் தம் நிழலன்றித் துணையில்லாத நிலையில், அந்த விசிறி அவரைக் கண்ணீர் விடச் செய்தது. ஜேதவனத்தில் மனம் நொந்ததாக மட்டும் எழுதியவர் இங்கே கண்ணீர் பெருகியதாக எழுதுகிறார். அபயகிரி பாழிடமன்று, அவருடைய கணக்குப்படி 5,000 துறவிகள் வாழ்ந்த, மணியும் பொன்னும் மின்னிய விகாரம்.

ஜேதவனம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் முற்றிலும் அணைந்துவிடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் அதைப் பெரிதும் சிதைந்ததாகக் கண்டார். ஆயினும் கன்னோசி மன்னன் கோவிந்தசந்திரன் 1130இல் ஜேதவனத்துச் சங்கத்துக்கு ஆறு ஊர்கள் அளித்த செப்பேடு 1908இல் தயாராம் சஹானி அகழ்ந்தபோது அங்கேயே கிடைத்தது. அதற்கு முன்பே, 1863இல், சாகேத் மாகேத் என்ற மேடுகளே சிராவஸ்தியும் ஜேதவனமும் என்று அலெக்சாண்டர் கன்னிங்காம் அடையாளம் கண்டதற்கு உதவியவை இந்தச் சீனத் துறவிகளின் நூல்கள். பாகியானின் நூல் 1836இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளியாகியிருந்தது. இன்று உத்தரப் பிரதேசத்தில் உள்ள அந்த இடத்தில் கந்தகுடியின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. வெளிநாடுகளிலிருந்து கூட்டமாக வரும் யாத்திரிகர்கள் அந்தச் செங்கற்களின்மேல் தங்கரேக்கு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். சற்றுத் தள்ளி, ஆனந்தபோதி என்று காட்டப்படும் அரசமரம் ஒன்றும் நிற்கிறது.

பாகியான் 412இல் சீனக் கரையில் இறங்கினார். பாடலிபுத்திரத்தில் படியெடுத்த விநயத்தை ஜியான்காங் நகரில் புத்தபத்திரர் என்ற இந்தியத் துறவியோடு சேர்ந்து மொழிபெயர்த்தார். 40 சுருள்கள் கொண்ட அந்த மொழிபெயர்ப்பு இன்றும் சீனத் திரிபிடகத்தில் இருக்கிறது. தாவோஜெங்கின் பெயர் பாடலிபுத்திரத்துக்குப் பிறகு அந்தப் பயண நூலில் வருவதில்லை.